நசுங்கின பிஸ்கட் டின்

மடத்தம்மாவுக்கு என்னைவிடப் பதினான்கு வயது குறைவு. ஆனாலும் அவர்தான் குரு, நான்தான் சீடன். அவர் என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். நான் அவரை "அம்மா" என்பேன். முக்கூடல் ஆற்றங்கரை மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் சிரிப்பு வராது. சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது.

என் பெயர் ஆவுடையப்பன். சின்னக் கடைக்காரர்களுக்குச் சிறுகடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் கள அதிகாரி. பெட்டிக்கடை, பூக்கடை, இட்லிக்கடை, பழவண்டி, இவர்கள்தான் எங்கள் ஆட்கள். பேங்க் படியேறப் பயப்படுகிறவர்களை நாங்களே தேடிப் போய்க் கடன் கொடுப்போம். ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி வாங்கினால் மற்ற நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவளால் கட்ட முடியாவிட்டால் அந்த நாலு பேரும் கட்ட வேண்டும். நல்ல வேலைதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் மிதப்பில் இருந்தேன்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் இதுவரைக்கும் இருநூத்திப் பன்னிரண்டு கடையை வளத்து விட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை கம்பெனியில எனக்கு விருது குடுக்காங்க. இதெல்லாம் புண்ணியத்துல சேருமா, இல்ல, சம்பளத்துக்குச் செஞ்ச வேலைதானன்னு தள்ளிருவாங்களா?"

பாருங்கள், இது கேள்வியே இல்லை. பாராட்டுக்குக் கையை நீட்டினேன், அவ்வளவுதான்.

"வளந்த கடையை நான் பாக்கணுமே," என்றார் அம்மா.

அதற்குத்தானே காத்திருந்தேன். போனை எடுத்துப் படங்களைத் திறந்து கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவசரமே இல்லை. நாற்பது, ஐம்பது படம் போயிருக்கும். நான் பக்கத்தில் இருந்து, "இது செண்பகத்தோட கடை, இது மேரி லில்லி கடை" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அண்ணாச்சி, இந்தச் சிவப்பு டின் யாரோடது?"

"எந்த டின்னும்மா?"

"பிஸ்கட் டின். மூலை நசுங்கியிருக்கு பாருங்க. செண்பகம் கடையில மேல்தட்டுல இருக்கு. லில்லி கடையிலயும் இருக்கு. இந்தா, பூக்கடையிலயும் இருக்கு. பூக்கடையில பிஸ்கட் எதுக்கு?"

எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னேன். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கடன் கொடுத்த ஒரு மாதத்துக்குள் கடையில் சரக்கு ஏறியிருப்பதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடை நிறைந்திருந்தால் அடுத்த கடன் பெரிதாகக் கிடைக்கும். வெறிச்சென்று இருந்தால் கொடுத்ததை மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். கடைக்கென்று வாங்குகிற பணம் எல்லாமா கடைக்குப் போகிறது? பிரசவம் வரும், பள்ளிக்கூடத்துப் பணம் வரும், கூரை ஒழுகும். படம் எடுக்கப் போனால் தட்டு காலியாகக் கிடக்கும்.

"அதனால?"

"அதனால என் பைக்குல ஒரு சாக்கு இருக்கும்மா. காலி சோப்புப் பெட்டி, காலி டீத்தூள் பெட்டி, இந்த டின். போன இடத்துல அடுக்கிப் படம் எடுத்துட்டு மறுபடியும் சாக்குல போட்டுக்கிடுவேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"மொதல்ல எந்தக் கடையில அடுக்கினீங்க?"

"முப்பிடாதி கடையில."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பலகை அகலத்துக்குத்தான் அவள் கடை. அதற்கு முன்னால் தரையில் சாக்கு விரித்து வெங்காயமும் தீப்பெட்டியும் விற்றுக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த முதல் பத்தாயிரத்தில்தான் பலகையும் தகரக் கூரையும் வந்தன. அது உண்மையான வளர்ச்சி, அதில் பொய் கிடையாது. இரண்டாவது கடன் வாங்கிய வாரத்தில் அவள் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். பணம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போனது. நான் படம் எடுக்கப் போனபோது கடையில் நாலு வெங்காயம் கிடந்தது.

"பாவமா இருந்துச்சும்மா. மொத்த யாவாரக் கடையில சொல்லி ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு எரவல் வாங்கி அடுக்கினேன். அவ அழுதுட்டா. காலைத் தொட்டுக் கும்பிட வந்தா. அன்னைக்கு அது இரக்கந்தான். சத்தியமா இரக்கந்தான்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன சொல்ல? அடுத்த மாதம் இன்னொரு கடை. எரவல் கேட்டு அலைவதைவிடக் காலிப் பெட்டி வசதியாக இருந்தது. முப்பிடாதிக்கு நிரந்தரமாகவே கொஞ்சம் பெட்டிகள் கொடுத்து வைத்தேன், மேலதிகாரி யாராவது திடீரென்று வந்தால் சமாளிக்க. இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை விருது உங்களுக்கு மட்டுந்தானா?"

"முப்பிடாதிக்கும் சால்வை போடுதாங்க. படத்துல அவ கடைதான் ரொம்ப வளந்திருக்கு. மேடையில வச்சே ரெண்டு லட்சம் லோன் குடுப்பாங்க. ஃப்ரிட்ஜு, கண்ணாடி அலமாரி எல்லாம் வாங்க."

"அவ கேட்டாளா?"

போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டேன்.

"கேட்டாளான்னு கேக்கேன்."

"வேண்டாம்னுதான் சொன்னா. அவ வாங்கலைன்னா உங்க லோனெல்லாம் தாமதமாகும்னு அவ குழுவுல மத்த நாலு பேருகிட்டயும் சொன்னேன். அவங்க போய்ப் பேசிச் சம்மதிக்க வச்சுட்டாங்க."

இதை அம்மாவிடம் சொல்லும்போதுதான் என் காதிலேயே முதல் தடவையாக விழுந்தது. அவளால் கட்ட முடியாது. கட்ட முடியாமல் போனால் அந்த நாலு பேரும் அவள் வாசலில் போய் நிற்பார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன். எனக்கு மேலாளர் பதவி வர வேண்டியிருந்தது.

அம்மா எழுந்தார்.

"மடத்துக்குக் கொஞ்சம் பொரிகடலை வேணும். வாங்க, அந்தக் கடையிலயே வாங்குவோம்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நடந்தோம்.

அம்மா எப்போதும் வெள்ளைப் பருத்திச் சேலைதான் கட்டுவார். கண்ணில் கண்ணாடி, கூடவே நான். தூரத்தில் எங்களைப் பார்த்த முப்பிடாதி, சென்னையிலிருந்து வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டாள். சடக்கென்று எழுந்தாள். காலடியில் இருந்த ஒரு பெயிண்ட் வாளியைக் காலாலேயே பலகைக்கு அடியில் தள்ளினாள். கீழே இருந்து பெட்டிகளை எடுத்து மேல்தட்டில் அடுக்கினாள். சோப்பு, டீத்தூள், மறுபடியும் சோப்பு. பேர் போட்ட பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தாள். எவ்வளவு வேகம் என்கிறீர்கள்! நாங்கள் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடை நிறைந்துவிட்டது.

அப்புறம் கைகூப்பினாள்.

"வணக்கம் மேடம். என் பேரு முப்பிடாதி. நான் சாக்குல வச்சு யாவாரம் பாத்தேன். இந்தக் கடனால எங்கடை வளந்துச்சு, எங்குடும்பம் வளந்துச்சு. இன்னும் வளருவேன் மேடம்."

அது நான் எழுதிக் கொடுத்தது. 'இன்னும் வளருவேன்' என்கிற இடத்தில் சிரிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். சிரித்தாள். பூமி அப்படியே பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

அம்மா முழுசாகக் கேட்டார்.

"சந்தோசம் தாயி. கால் கிலோ பொரிகடலை குடு."

அந்த நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் வந்து மேல்தட்டைக் காட்டினார். "அந்தச் சோப்புல ஒண்ணு குடும்மா."

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அது விக்கிறதுக்கு இல்லண்ணே."

"கடையில அடுக்கி வச்சிட்டு விக்கிறதுக்கு இல்லையா? நல்ல கடை போ!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவமானம் அவளுடையது இல்லை. ஆனால் தலை குனிந்தது அவள்தான்.

அம்மா மூக்கை உறிஞ்சினார். "எள்ளும் எண்ணெயும் மணக்குதே. என்ன தாயி வச்சிருக்க?"

அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். அந்த வாளியை வெளியே வைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். படத்தில் அசிங்கமாக விழுகிறது. எடு என்று தலையாட்டினேன். குனிந்து இழுத்தாள். வாளி நிறையச் சுத்து முறுக்கு.

"இது சும்மா, கையால சுத்துதது மேடம். பஸ்ஸுக்கு வாரவங்க வாங்குவாங்க. மத்தியானத்துக்குள்ள தீந்துரும்."

"தினமுமா?"

"தினமுந்தான் மேடம். இன்னும் நாலு படி மாவு போட்டாலும் போயிரும். அதுக்குப் பெரிய சட்டி வேணும்." சொல்லிவிட்டு, என்னவோ குற்றத்தை ஒப்புக்கொண்டவள் மாதிரி நிறுத்திக்கொண்டாள்.

அம்மா பொரிகடலையோடு பத்து முறுக்கும் வாங்கினார். முப்பிடாதி பதறிப்போனாள். "ஐயய்ய, உங்ககிட்ட காசா? வேண்டாம் மேடம்."

"யாவாரம்னா காசு வாங்கணும் தாயி," என்று பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினார் அம்மா.

ஆற்றோரமாக நடந்தோம். அம்மா ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டார்.

"அம்மா, ஏதாவது சொல்லுங்க."

"முறுக்கு நல்லாருக்கு. நீங்க தின்னிருப்பீங்களே?"

"இல்லம்மா."

"ஏழு வருசத்துல ஒருதடவை கூடவா?"

கொஞ்ச தூரம் போனதும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏதாவது பரிகாரம் சொல்லுங்கம்மா. விரதம் இருக்கேன். மடத்துல ஒரு மண்டலம் அன்னதானம் போடுதேன். எதுன்னாலும் சரி."

அம்மா நின்றார்.

"நம்மளைப் பாத்ததும் அந்தப் பொம்பளை மொதல்ல என்ன செஞ்சா?"

"பெட்டியை அடுக்கினா."

"தினமும் அந்தக் கடைக்குப் போங்க. உங்களைப் பாத்ததும் அவ அடுக்காம இருக்கிற அன்னைக்கு வந்து எங்கிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் மடத்துப் பக்கம் வராதீங்க."

மறுநாள் சனிக்கிழமை கிளை மேலாளர் அறைக்குப் போனேன். படமெல்லாம் நான் ஜோடித்தது, கடைக்காரர்கள் மேல் தப்பில்லை, முப்பிடாதிக்கு ரெண்டு லட்சம் தள்ளக் கூடாது, அவளை மேடையேற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சார் நீங்க! இத எல்லாருந்தான் செய்யுதாங்க. இதுக்குப் போயி இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வாரீங்களே!"

"இல்ல சார், அந்தக் கடன் மட்டும் வேண்டாம்."

"சரி, வேண்டாம்னா விடுங்க. விருதை வேற ஆளுக்குக் குடுத்துக்கிடுவோம்." என் காகிதத்தை மடித்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

அவ்வளவுதான். மேலாளர் பதவியும் வேறு ஆளுக்குப் போனது. ஆனால் ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டு வாங்கியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். சிரித்து அனுப்பிவிட்டார்களே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முப்பிடாதி எழுந்து அடுக்க ஆரம்பித்தாள்.

"வேண்டாம், முப்பிடாதி. இனிமே அடுக்க வேண்டாம். அந்த ரெண்டு லட்சமும் கிடையாது, பயப்படாத."

"சரி சார்," என்று சொல்லிக்கொண்டே அடுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டிகளைத் துடைத்து வைத்திருந்தாள். அழுக்காக இருக்கிறது என்றுதான் வேண்டாம் என்றேனோ என்று நினைத்திருக்கிறாள். புதன்கிழமை கேட்டாள், "சார், எம்மேல எதும் கோவமா? தினமும் வாரீங்களே." வியாழக்கிழமை மற்ற நாலு குழுக்காரிகளும் வந்து, "முப்பிடாதி ஒழுங்காக் கட்டிருவா சார்" என்று எனக்குச் சத்தியம் செய்தார்கள். என்ன சொல்வது! நான் போகப் போக அவள் பயம் கூடிக்கொண்டே போனது.

பையில்லாமல் போய்ப் பார்த்தேன். போனில்லாமல் போய்ப் பார்த்தேன். முறுக்குக் கேட்டேன், காசு வாங்க மாட்டேன் என்றாள், வாங்காமலே திரும்பினேன். ஒரு நாள் என் தலை தெரிந்ததும் கடையோரத்து அடுப்பில் கொதிக்கிற எண்ணெயை விட்டுவிட்டு அடுக்க ஓடினாள். சட்டியில் முறுக்கு கருகுகிற வாசம் வந்தது.

சொல்ல வேண்டிய வார்த்தை என்ன என்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷமாக 'சார், சார்' என்று கேட்டுப் பழகிய காது. ஒரு முறுக்குக்காரியிடம் போய் நின்று அந்த வார்த்தையைச் சொல்வதா? அம்மா காலில் விழச் சொன்னால் விழுந்துவிடுவேன். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பன்னிரண்டு நாள் ஆனது.

பன்னிரண்டாம் நாள் பைக்கிலிருந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டு போய் அவள் பலகை முன்னால் கொட்டினேன். காலிப் பெட்டிகள் தெருவில் உருண்டன. சிவப்பு டின்னும் உருண்டது.

"என்ன சார் இது?"

"முப்பிடாதி, தப்பு எம்மேலதான். உன்னைய அடுக்கச் சொன்னது தப்பு. பொய் பேசக் கத்துக் குடுத்தது தப்பு. அந்த ரெண்டு லட்சத்துக்கு உன்னைய நெருக்கினதும் என் பதவிக்காகத்தான். என்னைய மன்னிச்சிரும்மா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரவாயில்லை சார் என்பாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை.

"ஏழு வருசம் சார்," என்றாள். குரல் உடைந்தது. பிறகு உயர்ந்தது. "ஏழு வருசமா ஒவ்வொரு நாளும் காலிப் பெட்டியத் தூசி தட்டி வச்சிருக்கேன். 'ஏம்ட்டி, பைத்தியமா ஒனக்கு'ன்னு எங்க வீட்டுக்காரரு கேப்பாரு. பதில் சொல்ல முடியாது. சோப்புக் கேட்டு வாரவன்கிட்ட பொய், புள்ளைகிட்ட பொய், குழுக்காரிகிட்ட பொய். ராத்திரி பகலா மாவு பிசைஞ்சு, நேர்மையா நான் சம்பாரிக்கிறது இந்த ஒரு வாளி முறுக்கு. அதைத்தான் சார் ஒளிச்சு வைக்கச் சொன்னீங்க!"

தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். அவள் திரும்பி மேல்தட்டிலிருந்த பெட்டிகளை இரண்டு கையாலும் வாரிக் கீழே தள்ளினாள். தட்டு துடைத்துவிட்ட மாதிரி ஆனது. மூச்சு வாங்க நின்றாள்.

நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். கடைசியாக டின்னை எடுக்கக் குனிந்தேன்.

"அதை வச்சிட்டுப் போங்க," என்றாள். "மூடி இறுக்கமா இருக்கு. முறுக்கு நமத்துப் போவாது."

மறுநாள் போக எனக்குத் துணிவில்லை. இருந்தாலும் போனேன். முப்பிடாதி அடுப்பு முன்னால் உட்கார்ந்து, விரலில் மாவை முறுக்கி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்ன வேணும்? சீக்கிரம் சொல்லுங்க, எண்ணெய் காயுது."

சார் இல்லை. கும்பிடு இல்லை. மேல்தட்டு காலியாகக் கிடந்தது. பலகை மேல் நசுங்கின டின் நிறைய முறுக்கு இருந்தது.

"பத்து முறுக்கு," என்றேன்.

காசைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறை கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது எனக்கு. பெரிய சட்டி வாங்க ஒரு சின்னத் தொகை, அவளுக்கு வேண்டுமானால் மட்டும், மனுப் போடலாம் என்று சொல்ல நினைத்தேன். இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக மடத்துக்கு ஓடினேன். அம்மா கிணற்றடியில் வெண்கலப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னைக்கு அவ அடுக்கலை."

"அப்படியா!"

நடந்ததை எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டதை, அவள் கத்தியதை, பெட்டிகளைத் தள்ளியதை, சில்லறை கொடுத்ததை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. என்னவோ பெரிய மலையை இறக்கி வைத்துவிட்டவன் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று.

அம்மா கையைக் கழுவினார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்து, பாதியை எனக்குக் கொடுத்தார். வாங்கி வாயில் போட்டேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

அவரும் தின்று முடித்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மொத்தம் எத்தனை கடைன்னு சொன்னீங்க, அண்ணாச்சி?"